ஐந்து தந்தி, இரண்டு கட்சி

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கேசட் ஓடினால் எங்கள் திருவையாற்றுத் திண்ணை இரண்டாகும்.

"விரல் ஓடுது, ராகம் நிக்கலையே" என்பார் வீணை பயின்ற பெரியப்பா. மெட்டு வைத்த சின்னக் கருவியில் கமகம் எப்படி வரும் என்பது அவர் கேள்வி. வீணையிலும் மெட்டுதானே பெரியப்பா, என்பேன் நான்.

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்தி, இரட்டை இரட்டையாக. மீட்டியதும் ஒலி அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் அதை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, மின்சாரத்தால் நாதத்தை நீட்டினார். தந்தியை இழுத்தும் விரலை வழுக்கியும் அசைவுகளைக் கொண்டுவந்தார். ஒரு சுரம் பிசகாது. துரிதம் எனக்கும் சில நேரம் திகட்டும். நிதானமான ஆலாபனையில்தான் கரைந்துபோவேன்.

2014 செப்டம்பரில், 45 வயதில், அவர் மறைந்த அன்று கேசட்டைத் தேடி எடுத்தவர் பெரியப்பா.