பதினோராம் மணி என்றால் எத்தனை மணி?

கேமரன் மலை: 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே கொழுந்து பறித்த தமிழர்களுக்கு நாள் கூலியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியலில் பெரட்டுக்கு நின்றவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே சம்பளம் கொடுத்தால் லயத்தில் என்ன பேச்சு எழும் என்பது அவர்களுக்குத் தெரியும். மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையும் அதே பேச்சைத்தான் எழுப்புகிறது.

ஆனால், அந்தக் கதையின் காரம் நமக்கு முழுமையாக எட்டாமல் போகலாம். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பதினோராம் மணி வேளையில் அழைக்கப்பட்டார்கள் என்கிறது பழைய தமிழ் வேதாகமம். அதைக் காலை 11 மணி என்று நினைத்துக்கொண்டால், அவர்கள் பாதி நாளுக்கும் மேல் உழைத்தவர்களாகிவிடுவார்கள்.

அக்கால யூதர்கள் பகற்பொழுதைச் சூரிய உதயத்திலிருந்து 12 மணியாகப் பிரித்து எண்ணினார்கள். மூன்றாம் மணி என்பது நமக்குக் காலை 9. ஆறாம் மணி நண்பகல். ஒன்பதாம் மணி பிற்பகல் 3. பதினோராம் மணி என்றால் மாலை 5. அவர்கள் வேலை செய்தது ஒரே ஒரு மணி நேரம்தான்.

அவர்களுக்குக் கிடைத்த ‘பணம்’ எவ்வளவு? மூலத்தில் அது தெனாரியம் என்ற ரோமானிய வெள்ளிக்காசு. கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் அது. அன்றாடங்காய்ச்சியின் வீட்டில் அன்றைய அடுப்பு எரிய அது வேண்டும். மணிக்கணக்குப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்திருந்தால் பிள்ளைகளின் வயிறு நிறைந்திருக்காது. அவர்கள் சோம்பேறிகளும் அல்லர். யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சந்தையில் நின்றவர்கள்.

கூலி ஏன் மாலையிலேயே கொடுக்கப்பட்டது? யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது முடிகிறது. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். உபாகமம், அதாவது இணைச்சட்டம், 24ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். கதையைக் கேட்ட யூதர்களுக்கு இந்தச் சட்டம் பழக்கமானது. முதலாளி அதை மீறவில்லை; விடியலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவர்களுக்குத்தான் சட்டம் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்தார்.

அந்தச் சட்டம் சொந்த இனத்தவரோடு நிற்கவில்லை. ஊரில் தங்கியிருக்கும் அந்நியத் தொழிலாளிக்கும் அதே உரிமையைத் தருகிறது. நம் தாத்தா பாட்டி பறித்த அதே செடிகளில் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். இந்த உவமையைப் படிக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.