பழைய மாருதி 800: கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா?

நம்ம வீடியோ பார்க்கிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, போனஸ் ஒன்றரை லட்சம் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஆசைக்கு ஓட்ட பழைய மாருதி 800 வாங்கணும். கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐ வண்டியா?"

மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டியதை ஆடிட்டர்கிட்ட கேட்கிறாரேன்னு சிரிச்சேன். ஆனா இது பாதி கணக்குதான். நானும் இதுல கையைச் சுட்டுக்கிட்டவன்.

1983 டிசம்பர்ல வந்த மாருதி 800, 2000-ஐ ஒட்டி புகை விதிகள் இறுகினப்போதான் எம்பிஎஃப்ஐக்கு மாறுச்சு. அதனால 90-கள் வண்டின்னா பெரும்பாலும் கார்புரேட்டர்.

கார்புரேட்டர்ல, இன்ஜின் காத்தை உறிஞ்சுற வேகத்துக்கு ஜெட் வழியா பெட்ரோல் தானா இழுபடும். எம்பிஎஃப்ஐல சென்சார் சொல்ற தகவலை வெச்சு இசிஎம் அளவு போட, இன்ஜெக்டர் பீய்ச்சும்.

செலவும் அப்படியே ரெண்டு விதம். கார்புரேட்டர் அடிக்கடி தொந்தரவு தரும்: அடைப்பு, ஐட்லிங், காலையில சோக். ஆனா கிளீனிங், ட்யூனிங்னு சின்னச் சின்ன செலவுலயே முடியும். நம்ம சனிக்கிழமைதான் போகும். எம்பிஎஃப்ஐ மாசக்கணக்குல சத்தமில்லாம ஓடும். ஒருநாள் ஃப்யூயல் பம்ப்போ இசிஎம்மோ போனா, மொத்தமா பர்ஸைக் காலி பண்ணும்.

இப்போ இ20 பெட்ரோல் வேற. எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கிறதால காத்துக்கு ஏத்த எரிபொருள் பத்தாம போகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி அதை ஓரளவு தானே சரி பண்ணிக்கும். கார்புரேட்டர்ல நாமதான் ஜெட்டைப் பார்க்கணும். எந்த வண்டியா இருந்தாலும் பழைய ரப்பர் ஹோஸை முதல்ல மாத்திடுங்க.

இனி என் கதை. 2019-ல 1996 மாடல் ஒண்ணு வாங்கினேன். அப்பா ஓட்டின வண்டியோட அதே வெள்ளை. ரெண்டு தடவை சிக்னல்ல நின்னதும் பொறுமை போச்சு. ஒரு ஒர்க் ஷாப்ல "இன்ஜெக்ஷனா மாத்திடலாம் சார்"னாங்க. அவசரத்துக்கு வெச்சிருந்த எஃப்டியை உடைச்சு 70,000 கொடுத்தேன். வயரிங் கடைசி வரைக்கும் சரியாகவே இல்லை. அடுத்த மாசம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாச்சு. அட்வான்ஸ் கட்ட கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன். ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வகுப்பு எடுக்கிறவன் நான்!

அதனால தம்பிக்குச் சொன்னது இதுதான்:

1. நேரம் இருக்கு, கையில கிரீஸ் படிஞ்சா சந்தோஷம்னா கார்புரேட்டர். சாவி போட்டா கிளம்பணும்னா எம்பிஎஃப்ஐ. ஆனா போனஸ் மொத்தத்தையும் வண்டி விலைக்கே கொடுக்காதீங்க. ரிப்பேருக்குன்னு கொஞ்சம் தனியா வைங்க.

2. ஒண்ணை வாங்கி இன்னொண்ணா மாத்தாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் கேள்வி வரும்.

3. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம், பசுமை வரி எல்லாத்தையும் விலையோட கூட்டிப் பாருங்க.

4. லோன் வேண்டாம். சம்பளக்காரருக்கு அந்த வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு வித்தா வரி இல்லை, உண்மைதான். ஆனா நஷ்டத்தையும் எதிலயும் கழிக்க முடியாது.

5. எஃப்டியைத் தொடாதீங்க.

அப்பா இப்போ நல்லா இருக்கார். என் வண்டியில பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டிட்டேன். சனிக்கிழமை காலையில நான் ஸ்க்ரூவைத் திருப்புவேன், அவர் சத்தத்தைக் கேட்டு "போதும், நிறுத்து"ம்பார். அந்த ட்யூனிங்குக்கு மட்டும் செலவே இல்லை.