இரணைமடுவும் கிளிநொச்சியும்: குளம் வளர்த்த நகரம், போர் ஆக்கிய தலைநகரம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில் வடக்கு நோக்கிப் பயணம் செய்பவர்கள் மாங்குளத்தையும் முறிகண்டிப் பிள்ளையாரையும் கடந்ததும் கிளிநொச்சி நகரை வந்தடைகின்றனர். வீதியின் இரு மருங்கிலும் வங்கிகள், வர்த்தக நிலையங்கள், அரச செயலகங்கள் என நிமிர்ந்து நிற்கும் இந்நகரின் உயிர்நாடி வீதியோரத்தில் இல்லை. நகருக்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில் பரந்து கிடக்கும் இரணைமடுக் குளமே அது. இக்குளம் இல்லையேல் கிளிநொச்சி என்றொரு நகரம் தோன்றியிருக்க முடியாது. ஆயினும், உலகம் இந்நகரை அறிந்துகொண்டது குளத்தினால் அல்ல, போரினாலேயே.

ஒரு காலத்தில் உலகச் செய்தியாளர்களும் இராஜதந்திரிகளும் வந்து சென்ற இந்நகரம் எவ்வாறு உருவாகியது, அங்கு எத்தகைய நிறுவனங்கள் இயங்கின, அதன் பொருளாதாரம் எதில் தங்கியிருந்தது, இன்று அது எந்நிலையில் உள்ளது என்பவற்றை நோக்குவது பயனுடையதாகும்.

குளமும் குடியேற்றமும்

வவுனியா மாவட்டத்தில் ஊற்றெடுக்கும் கனகராயன் ஆறு, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாகப் பாய்ந்து, கிளிநொச்சியைத் தொட்டு, இறுதியில் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் மூன்று மாவட்டங்களை இணைக்கும் இந்த ஆற்றை மறித்தே இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 'இரணை' என்றால் இரட்டை; 'மடு' என்றால் ஆழமான நீர்நிலை. அருகருகே இருந்த இரு நீர்நிலைகளை ஒன்றாக்கியமையால் இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகின்றது.

பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குளத்திற்கான திட்டத்தை முன்வைத்தார். 1902ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட கட்டுமானப் பணிகள் 1920களின் தொடக்கத்திலேயே நிறைவெய்தின. பின்னர் 1950களிலும் 1970களிலும் அணைக்கட்டு உயர்த்தப்பட்டு, குளத்தின் கொள்ளளவு 1 இலட்சத்து 6 ஆயிரத்து 500 ஏக்கர் அடியாக அதிகரிக்கப்பட்டது. போருக்குப் பின்னர் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் குளம் புனரமைக்கப்பட்டு, நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டதுடன் கொள்ளளவும் சுமார் 1 இலட்சத்து 19 ஆயிரம் ஏக்கர் அடியாகியது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் நிலங்கள் இக்குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களை நம்பியுள்ளன.

குளத்து நீர் கிடைத்தபோதிலும் நிலத்தை உழுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலவிய சனநெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் தீர்வாக 1936ஆம் ஆண்டு கிளிநொச்சியில் குடியேற்றத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வயற்காணியும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டன. உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை ஆகிய பெயர்கள் இவ்வாறே நெல் விளையும் ஊர்களாக அறியப்படலாயின. காட்டை வெட்டி, மலேரியாவுக்கும் யானைக்கும் முகங்கொடுத்து நிலத்தைப் பண்படுத்திய அந்த முதற் தலைமுறையின் உழைப்பே இன்றைய நகரின் அத்திவாரமாகும்.

இதனிடையே மற்றுமொரு மக்கள் பிரிவினரும் இங்கு வந்து சேர்ந்தனர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களினாலும் 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பட்டினியினாலும் பாதிக்கப்பட்ட மலையகத் தமிழர்கள் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற இடங்களில் குடியேறினர். ஆயினும் இவர்களில் பெரும்பாலானோருக்குக் குளத்தின் கீழான வயற்காணி கிடைக்கவில்லை. குளத்திற்கு அண்மையில் வாழ்ந்தும் குளத்து நீரில் பங்கற்றவர்களாக, பிறர் வயலில் கூலிக்கு உழைப்பவர்களாகவே அவர்கள் இருந்து வந்துள்ளனர். கிளிநொச்சியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இதுவாகும்.

செழிப்பின் காலம்

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் உணவுப் பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னியின் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத்திட்டங்கள் தழைத்தன. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதிப் பொருட்கள் சந்தையில் குவிந்து இச்செழிப்பு மங்கியது. கொழும்பில் எடுக்கப்படும் ஒரு தீர்மானம் வன்னிக் கமக்காரனின் அடுப்பை எவ்வாறு எரியவோ அணையவோ செய்யும் என்பதற்கு இது தகுந்த உதாரணமாகும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோதும் இதே அனுபவம் மீண்டும் ஏற்பட்டது.

விவசாயத்துடன் கைத்தொழிலும் இருந்தது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. 1905ஆம் ஆண்டு முதல் புகையிரதப் பாதையும் கிளிநொச்சியைத் தெற்குடன் இணைத்திருந்தது. நெல்லும் உப்பும் தெற்கே செல்ல, தெற்கின் பொருட்கள் வடக்கே வந்தன. தமிழ் வர்த்தகர்களுடன் முஸ்லிம் வர்த்தகர்களும் நகரின் கடைத்தெருவில் தொழில் செய்தனர்.

நிர்வாக ரீதியில் கிளிநொச்சி நீண்டகாலம் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1984ஆம் ஆண்டிலேயே அது தனி மாவட்டமாக்கப்பட்டு, கச்சேரியும் அரசாங்க அதிபரும் கிடைக்கப்பெற்றன. இருப்பினும் நாடாளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துடனேயே இணைந்திருக்கிறது.

போர் ஆக்கிய தலைநகரம்

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதையடுத்து புகையிரதம் நின்றது; தொழிற்சாலைகள் செயலிழந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை அவர்களது சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் மிகக் குறுகிய கால அவகாசத்தில், கையில் எடுத்துச்செல்லக் கூடியவற்றுடன் வெளியேற நேர்ந்தது. பூநகரிப் பிரதேசத்தின் நாச்சிக்குடா போன்ற கரையோரக் கிராமங்களும் நகரின் கடைத்தெருவும் ஒரு சமூகத்தை இழந்தன. பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்தனர்.

1996 செப்டெம்பரில் இராணுவம் 'சத்ஜய' நடவடிக்கை மூலம் கிளிநொச்சியைக் கைப்பற்றியது. 1998 செப்டெம்பரில் புலிகள் அதனை மீளக் கைப்பற்றினர். இரு தடவைகளும் கைமாறியது நகரமல்ல, நகரின் இடிபாடுகளே. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட பின்னரே அவ்விடிபாடுகளின் மேல் புதிய கிளிநொச்சி எழுந்தது.

அக்காலகட்டத்தில் இங்கு இரட்டை நிர்வாகம் நடைபெற்றது. ஒருபுறம் புலிகளின் நீதிமன்றங்கள், சட்டக்கல்லூரி, காவல்துறைத் தலைமையகம், 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகம், சமாதானச் செயலகம், தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்பன இயங்கின. மறுபுறம் கொழும்பு அரசாங்கத்தின் கச்சேரி, பாடசாலைகள், வைத்தியசாலை, அரச வங்கிக் கிளைகள் என்பனவும் தொடர்ந்து இயங்கின. ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. ஓமந்தையைத் தாண்டி வரும் பொருட்களுக்கான வரியைப் புலிகள் அறவிட்டனர். அதாவது, ஒரே பொருளுக்கு இரு அரசுகளுக்கு வரி செலுத்தியவர் வன்னியின் சாதாரண நுகர்வோரே.

இந்நிறுவனங்கள் ஒழுங்காகவும் விரைவாகவும் செயற்பட்டன என்று கூறுவோர் உள்ளனர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவற்றைக் கேள்வி கேட்பதற்கான உரிமை மக்களுக்கு இருக்கவில்லை. தேர்தல் இருக்கவில்லை, மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கவில்லை, கட்டாய ஆட்சேர்ப்பில் சிறுவர்களும் உள்வாங்கப்பட்டனர். ஒழுங்கை மாத்திரம் கொண்டு ஓர் ஆட்சியை எடைபோட முடியாது.

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடைபெற்ற சர்வதேச செய்தியாளர் மாநாட்டில் முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. மூன்று நாட்களின் பின்னர் வே. பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் இங்கேயே ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். முஸ்லிம்கள் தமது இடங்களுக்குத் திரும்பும் உரிமை அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் அந்த எழுத்து நடைமுறைக்கு வருவதற்கிடையில் போர் திரும்பிவிட்டது.

இதே காலத்தில் மேற்கு ஆபிரிக்காவிலும் இத்தகையதொரு நகரம் இருந்தது. ஐவரி கோஸ்டின் புவாக்கே நகரம் 2002 செப்டெம்பர் கிளர்ச்சியின் பின்னர் அந்நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றிய கிளர்ச்சியாளர்களின் தலைமையகமாகியது. அங்கும் வீதித்தடைகளில் வரி அறவிடப்பட்டது. அங்கிருந்த பல்கலைக்கழகம் அபிஜான் நகருக்கு இடம்பெயர்ந்தது. 2007இல் எட்டப்பட்ட உடன்படிக்கையினூடாகக் கிளர்ச்சியாளர்கள் அரசாங்கத்தில் பங்காளிகளாயினர். 2010-2011 காலத்தில் அந்நாடு மீண்டும் இரத்தம் சிந்தியபோதிலும், புவாக்கே நகரம் தரைமட்டமாக்கப்படவில்லை. கிளிநொச்சிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் நகரை விட்டு வெளியேறின. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் நகருள் நுழைந்தபோது அங்கு மக்கள் எவரும் இருக்கவில்லை. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்த மக்கள் முள்ளிவாய்க்கால் வரை சென்று, உயிர் தப்பியோர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களை அடைந்தனர்.

மீண்டும் எழுந்தது எது?

போரின் பின்னர் வீதி அகலமாக்கப்பட்டது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை பெற்றனர். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. 2025இல் ஆனையிறவில் மேசை உப்பு உற்பத்தியும் ஆரம்பிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே.

ஆனால் கட்டடங்களின் பின்னால் உள்ள நிலைமை வேறானது. நெல் விளைகின்றது, அதன் பெரும்பகுதி அரிசியாகாமலே வெளி மாவட்ட ஆலைகளுக்குச் செல்கின்றது. கணவனை இழந்த பெண்கள் நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைக்குள் சிக்குண்டனர். 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டியேற்பட்டது. காணி அனுமதிப்பத்திர வாரிசுரிமையில் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வழங்கிய சட்ட ஏற்பாடு 2022ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் தொடங்கிய போராட்டம் ஆண்டுகள் பல கடந்தும் பதிலைப் பெறவில்லை. திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் காடாகிப் போன காணிகளையும், வீட்டுத்திட்டப் பட்டியல்களில் தமது பெயர்கள் இல்லாமையையுமே கண்டன.

நிறுவன ரீதியிலும் ஒரு முரண்பாடு உண்டு. ஒரு காலத்தில் தலைநகரமாக வர்ணிக்கப்பட்ட இந்நகருக்கு ஒரு நகர சபைகூட இல்லை. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலிலும் அது கரைச்சிப் பிரதேச சபையின் ஒரு பகுதியாகவே வாக்களித்தது. வட மாகாணத்தின் நிர்வாகத் தலைநகரை வன்னியின் மத்தியிலுள்ள மாங்குளத்தில் அமைக்க வேண்டும் என்ற யோசனையும் நீண்டகாலமாகப் பேச்சளவிலேயே பெரிதும் உள்ளது.

நீரில் உள்ள படிப்பினை

இறுதியில் குளத்திடமே திரும்ப வேண்டியுள்ளது. ஆறுகளற்ற, நிலத்தடி நீர் மாசடைந்துவரும் யாழ்ப்பாணத்திற்கு இரணைமடு நீரைக் குழாய் வழி கொண்டுசெல்லும் திட்டம் 2010இன் இறுதியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் முன்வைக்கப்பட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் அதனை எதிர்த்தனர். சிறுபோகத்தில் தமது வயல்களில் ஒரு பகுதிக்கே நீர் போதுமாக இருக்கையில், எஞ்சியதையும் இழப்பதா என்பது அவர்களது கேள்வி. குடிநீர் கேட்பது தவறா என்பது யாழ்ப்பாணத்தின் கேள்வி. இரண்டும் நியாயமானவை. நீண்ட இழுபறியின் பின்னர் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது.

2018 டிசெம்பர் 7ஆம் திகதி புனரமைக்கப்பட்ட குளம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. இரு வாரங்களில் பெருவெள்ளம் வந்தது. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து விசாரணைகளும் நடத்தப்பட்டன. கதவு எப்போது திறக்கப்பட வேண்டும், எவருக்கு எவ்வளவு நீர் என்பவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் யார் அமர்கின்றனர் என்ற கேள்வியை இவ்விரு சம்பவங்களும் எழுப்புகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகத்திற்கு முன்னர் அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரர் அமைப்புக்கள் கூடி எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவு செய்கின்றன. போருக்கு முன்னரும் பின்னரும் இப்பிரதேசத்தில் மக்கள் தாமே அமர்ந்து பேசித் தீர்மானிக்கும் மிகப் பழைய அவை இதுவெனலாம். அக்கூட்டத்தில் காணியற்ற மலையகக் குடும்பத்திற்கும், மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பத்திற்கும், அனுமதிப்பத்திரம் தன் பெயரில் இல்லாத விதவைக்கும் ஆசனம் உண்டா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். கிளிநொச்சிக்குத் தனியான நகர சபையை வழங்குவதும், நெல்லை இங்கேயே அரிசியாக்கும் ஆலைகளை அமைப்பதும், காணிப் பிணக்குகளை இன வேறுபாடின்றி விரைந்து தீர்ப்பதும் அரசாங்கத்தின் கடமைகள். தமது நீர் மேசையை மற்றவர்களுக்காகவும் அகலப்படுத்துவது கிளிநொச்சி மக்களின் கடமை. வெளியேற்றப்பட்டதன் வலியையும் வந்த இடத்தில் வேரூன்றுவதன் சிரமத்தையும் அவர்களை விட நன்கறிந்தோர் எவருமிலர்.