வெள்ளாட்டு முள்

மதுரை ஜிகர்தண்டாவை ருசித்திருக்கிறீர்களா? தம்ளருக்குள் பளிங்குத் துண்டுபோல் வழவழவென்று மிதக்கும் பாதாம் பிசினை மறந்திருக்க மாட்டீர்கள். வடநாட்டில் கோடை பிறந்துவிட்டால், பெண்மணிகள் இதே ஜாடையில் உள்ள வேறொரு பிசினை ஸர்பத்தில் சேர்ப்பார்கள். ‘கோந்து கதீரா’ என்று அதற்குப் பெயர். ‘கதீரா’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். அந்தப் பெயருக்கு உரிய அசல் சரக்கு எந்த மரத்திலும் வடிவதில்லை. ஈரான், துருக்கி நாடுகளின் மலைச் சரிவுகளில் தானாக வளரும் ஒரு முட்செடியின் வேரிலிருந்து வருகிறது!

இந்தச் செடியின் குடும்பம் மிகப் பெரியது. தாவர நூலார் ‘அஸ்ட்ராகலஸ்’ என்று அழைக்கும் இதில் ஏறக்குறைய 3,000 வகைகள் உண்டு. நம் அவரைக்கும் துவரைக்கும் இவை உறவுதான். பூவைப் பார்த்தாலே ஜாடை தெரிந்துவிடும். இவற்றை மேய்ந்த ஆடு அதிகமாகப் பால் கறக்கும் என்று அந்நாளில் ஐரோப்பியக் குடியானவர்கள் நம்பியதால், ஆங்கிலத்தில் ‘மில்க்வெட்ச்’ என்று பெயர் வந்தது. ஆனால் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குணமா இருக்கிறது? சீனாவில் ஒரு வகையின் வேரை மருந்தாகப் போற்றி, கோழி சூப்பில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மேற்கு அமெரிக்காவில் வளரும் வேறு சில வகைகளோ, தின்ற குதிரையையும் மாட்டையும் சித்தம் கலங்கித் தள்ளாட வைத்துவிடும்!

நம் பிசின் செடி குட்டையானது. மலையில் மெத்தை போட்டதுபோல் படர்ந்து கிடக்கும். சிற்றிலைகள் உதிர்ந்தபின் இலைக்காம்பு காய்ந்து முள்ளாக நிற்கும். கிரேக்கர்கள் இதற்கு ‘வெள்ளாட்டு முள்’ என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். ‘டிராகாகாந்த்’ என்ற இன்றைய வியாபாரப் பெயர் அதன் மரூஉதான். சுமார் 2,300 வருஷங்களுக்கு முன்பே தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பிசின் எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. கோடைக் காலத்தில் செடியின் அடி மண்ணைத் தள்ளி, ஆணிவேரின் மேற்பகுதியில் கத்தியால் கீறுகிறார்கள். வேரின் நடுவே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் பிசின், கீறல் வழியே நாடாபோல் நெளிந்து வெளியே வரும். சில நாட்கள் காயவிட்டுச் சேகரிப்பார்கள். வெண்மையாக, ஒளி ஊடுருவும்படி இருந்தால் உயர்ந்த ரகம், பழுப்பேறினால் மட்டம்.

இங்கேதான் மனிதனின் பேராசை குறுக்கிடுகிறது. கீறிய பிறகு வேரின் தலைப்பைத் தீயால் பொசுக்கினால் பிசின் அதிகமாக வடியுமாம். ஆனால் அத்தோடு செடி செத்துவிடும்! பதமாகக் கீறி ஓய்வு கொடுத்தால் மறுபடியும் தரக்கூடிய செடியை ஒரே நாளில் தீர்த்துவிடுவது என்ன நியாயம்? போவது செடி மட்டுமல்ல. மழையிலும் காற்றிலும் மலைமண் சரியாமல் பிடித்து நிறுத்துவதும், வறண்ட மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பதும் இந்த வேர்கள்தாம்.

இந்தப் பிசினின் உபயோகம் ஒன்றா, இரண்டா? ஐஸ்கிரீமையும் குழம்பு வகைகளையும் கெட்டிப்படுத்தும், மாத்திரையை உருட்ட உதவும், முகப்பூச்சில் சேரும், துணிக்கு அச்சடிக்கும் சாயம் பரவாமல் காக்கும். துருக்கியில் இதைக் கரைத்த நீரின்மேல் வர்ணங்களைத் தெளித்து, காகிதத்தில் சித்திரமாக ஒற்றி எடுக்கும் ‘எப்ரு’ கலை புகழ் பெற்றது. ஆனால் சர்க்கரைக் கரைசலில் நுண்ணுயிரை வளர்த்துத் தயாரிக்கும் ‘ஸாந்தன்’ என்ற பிசினை 1969-இல் அமெரிக்கா உணவில் சேர்க்க அனுமதித்தது. பிறகு, மலை ஏறிக் கீறி எடுக்கும் பிசினுக்கு இருந்த கிராக்கி வெகுவாகக் குறைந்துவிட்டது.

‘நம் வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?’ என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் பனி விழுந்து, கோடையில் காயும் மலைப் பிரதேசம் இதற்கு வேண்டும். நம் சமவெளி ஒத்துவராது. பயிர் செய்கிறவர்கள், விதையின் கெட்டித் தோலைத் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைப்பார்கள். தண்ணீர் தேங்காத நிலமும் நல்ல வெயிலும் அவசியம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது.

வளர்க்காவிட்டால் என்ன? வாங்கி உபயோகிக்கலாமே! ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ‘கதீரா’ என்ற பெயரில் நம் நாட்டு மரப் பிசின்களும் விற்கப்படுகின்றன. ஆகையால் எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரித்து வாங்குங்கள். நகம் அளவு துண்டைக் கழுவி, நிறையத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பூரித்துக் கூழாக இருக்கும். பாலிலோ எலுமிச்சை ஸர்பத்திலோ ஒரு கரண்டி போதும். பொடியாக வாங்கினால் முதலில் சர்க்கரையுடன் கலந்து, பிறகு நீர் விடுங்கள், கட்டி தட்டாது. ஊறாத பிசினை வாயில் போடவே கூடாது. தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்த கோடையில் அந்த ஸர்பத்தைப் பருகும்போது, எங்கோ ஒரு மலைச் சரிவில் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் அந்த முட்செடியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குக்கூட அஞ்சி முள்ளைப் போர்த்துக்கொண்ட செடி, நமக்காக வேரைக் கீறக் கொடுக்கிறதே!