றொக் இசைக்கு ஏற்ற நல்ல ஹெட்போன் எது?

றொக் இசையை உரத்துக் கேட்பதே முறை என்னும் நம்பிக்கை அதன் இரசிகர்களிடையே நீண்டகாலமாக வேரூன்றியுள்ளது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. மின்கிற்றாரும் ட்றம்ஸும் முழங்கும் மேடையில் வளர்ந்த இசை அது. அந்த மேடையைக் காதுகளுக்கு மிக அருகே கொண்டுவந்து நிறுத்தும் கருவியே ஹெட்போன். ஆகவே அதனைத் தெரிவு செய்வது இரசனையை மட்டும் சார்ந்த விடயம் அன்று. செவிப்புலனையும் சார்ந்த விடயமாகும். குறைந்த ஒலியளவிலும் இசையின் சகல கூறுகளையும் தெளிவாகக் கேட்கச் செய்வதே நல்ல ஹெட்போன் என்பது எமது கருத்து.

பிரிட்டனின் 'த ஹூ' இசைக்குழு 1976 ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் நடத்திய நிகழ்ச்சியில், ஒலிபெருக்கிகளிலிருந்து 32 மீற்றர் தூரத்தில் 126 டெசிபல் ஒலி பதிவாகியது. அது கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது. அக்குழுவின் கிற்றார் கலைஞரான பீட் டவுன்ஷெண்ட் பிற்காலத்தில் செவிப்புலன் பாதிப்புக்கு உள்ளானார். ஆனால், 2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான செய்திகளின்படி, அவர் குற்றஞ்சாட்டியது அந்த மேடைகளை அன்று. ஒலிப்பதிவுக் கூடங்களில் தாம் அணிந்திருந்த ஹெட்போன்களையே. இளம் இரசிகர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

ஹெட்போனைத் தெரிவு செய்வதற்கு முன்னர், றொக் இசையில் அடங்கியுள்ள ஒலிகளை அறிந்துகொள்வது அவசியம். பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் மீடிறனிலும், சாதாரண கிற்றாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. காலால் மிதித்து ஒலிக்கப்படும் பெரிய ட்றம்மின் அதிர்வும் இதே தாழ்ந்த எல்லைக்குள் வருகின்றது. உலோகத் தட்டுகளின் ஓசையோ 10,000 ஹேர்ட்ஸையும் கடந்து செல்லும். இவற்றுக்கு இடையே, 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் கிற்றாரின் கரகரப்பும் பாடகரின் சொற்தெளிவும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பகுதியும் அதுவே.

தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும் ஹெட்போன்கள் முதலில் கேட்கும்போது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால், பேஸ் கிற்றாரும் ட்றம்மும் ஒரே முழக்கமாகத் திரண்டு பாடகரின் குரலை மூடிவிடும். குரலைக் கேட்பதற்காக நாம் ஒலியளவைக் கூட்டுகின்றோம். அதனுடன் முழக்கமும் கூடுகின்றது. மறுபுறத்தில், 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் பகுதியை மிகைப்படுத்தும் ஹெட்போன்கள் சிறிது நேரத்திலேயே காதைக் களைப்படையச் செய்கின்றன. இவ்விரு குறைகளும் அற்ற சமநிலையான ஒலியே தேடப்பட வேண்டியது.

இந்தச் சமநிலையைப் பெட்டியில் அச்சிடப்பட்ட எண்களைக் கொண்டு அறிய முடியாது. '5 முதல் 40,000 ஹேர்ட்ஸ் வரை' என்ற விளம்பரம், அவ்வெல்லைக்குள் எந்த ஒலி கூடுகின்றது, எது குறைகின்றது என்பதைச் சொல்வதில்லை. மேலும், மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையே. விலையும் நம்பத்தகுந்த அளவுகோல் அன்று. 283 ஹெட்போன்களை ஒப்பிட்டு 2017 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் விலைக்கும் அவை வெவ்வேறு மீடிறன்களை வெளிப்படுத்தும் விதத்துக்கும் இடையே தொடர்பு எதனையும் காணவில்லை. கூடிய விலை, நீடித்த உழைப்பையும் வசதியையும் தரக்கூடும்; நல்ல ஒலிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது ஹெட்போனின் அமைப்பு. காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்திருக்கும் வகை, ஒலியை விசாலமாகவும் இயல்பாகவும் தருகின்றது. 1997 ஆம் ஆண்டு அறிமுகமாகி இன்றும் விற்பனையாகும் ஜேர்மனியின் சென்ஹைசர் எச்.டி. 600 இதற்குச் சிறந்த உதாரணம். அமெரிக்காவின் கிராடோ ஹெட்போன்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. கிற்றாரை முன்னிறுத்திக் காட்டுவதால் அவை றொக் இரசிகர் பலரின் விருப்பத்துக்குரியவை. எனினும் அதே இயல்பு நீண்ட நேரம் கேட்போருக்குக் களைப்பைத் தரலாம். திறந்த வகையின் குறை யாதெனில், வெளிச்சத்தம் உள்ளே வரும்; எமது இசையும் வெளியே கேட்கும். அமைதியான அறைக்கே அது பொருத்தமானது.

பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம் செய்வோருக்கு மூடிய வகையே ஏற்றது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ள சோனி எம்.டி.ஆர். 7506, பயர்டைனமிக் டி.டி. 770 ஆகியன இவ்வகையின. வாகன இரைச்சலின் நடுவே திறந்த ஹெட்போனை அணிபவர், அந்த இரைச்சலை வெல்வதற்காகவே ஒலியளவைக் கூட்டுவார். இவ்விடத்தில் இரைச்சலை நீக்கும் இலத்திரனியல் தொழில்நுட்பமும் பயன் தருகின்றது. இதன் எண்ணம் அமர் போஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியருக்கு 1978 ஆம் ஆண்டு ஒரு விமானப் பயணத்தின்போது உதித்தது. எஞ்சின் இரைச்சல் போன்ற இடையறாத தாழ்ந்த ஒலியை அது பெருமளவு அடக்குவதால், குறைந்த ஒலியளவே போதுமானதாகின்றது. ஆயினும் வீதியில் நடக்கும்போது இவ்வசதியைப் பயன்படுத்துவது உயிராபத்தை விளைவிக்கக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது.

மூடிய ஹெட்போன்களில் காதுமெத்தை தலையோடு இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் சட்டமோ தேய்ந்துபோன மெத்தையோ சிறு இடைவெளியை ஏற்படுத்தினாலும் தாழ்ந்த ஒலி கசிந்து, பேஸ் கிற்றார் மெலிந்துவிடும். எனவே மெத்தையையும் வயரையும் தனியாக மாற்றக்கூடியதாக உள்ளதா என்பதைக் கேட்டறிவது நன்று. பல வருடங்கள் உழைக்கும் ஹெட்போனுக்கும் ஒரே வருடத்தில் எறியப்படும் ஹெட்போனுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுவே.

மின்தடங்கல் என்பது பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு விடயம். இது ஓம் என்ற அலகினால் குறிக்கப்படுகின்றது. எச்.டி. 600 ஹெட்போனின் மின்தடங்கல் 300 ஓம். இத்தகையவற்றைக் கையடக்கத் தொலைபேசியில் நேரடியாக இணைத்தால் ஒலி போதாமற்போகலாம். தனியான ஓர் அம்பிளிபயர் வேண்டியிருக்கும். தொலைபேசியில் மட்டும் கேட்பவர்கள், 32 ஓம் அளவிலான, குறைந்த மின்வலுவிலும் நன்கு ஒலிக்கக்கூடியவற்றைத் தெரிவு செய்வதே சிக்கனமானது. வயர் இல்லாத புளூடூத் ஹெட்போன்களுக்கு இப்பிரச்சினை இல்லை. அம்பிளிபயர் அவற்றுக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆனால் மின்கலம் வலுவிழக்கும்போது அவற்றின் ஆயுளும் முடிவை நெருங்குகின்றது.

எவ்வளவு சிறந்த ஹெட்போனாலும் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. உரத்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய ஒலிக்கும் வலிய ஒலிக்கும் இடையிலான வேறுபாட்டை ஒலிப்பதிவிலேயே நசுக்கிவிடும் வழக்கம் 1990 களில் வலுப்பெற்றது. மெட்டாலிக்கா குழுவின் 2008 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'டெத் மக்னெட்டிக்' இக்காரணத்துக்காக அதன் இரசிகர்களின் கண்டனத்தையே எதிர்கொண்டது. நல்ல ஹெட்போன் இத்தகைய பதிவின் குறையை மறைப்பதில்லை, வெளிப்படுத்தவே செய்யும். ஆகவே அங்கு குறை காணப்பட வேண்டியது ஹெட்போனில் அன்று.

கடையில் தெரிவு செய்யும்போது, நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களை எடுத்துச் செல்ல வேண்டும். ஒப்பிடப்படும் ஹெட்போன்கள் யாவும் ஒரே ஒலியளவில் ஒலிக்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு. பின்னர் ஒலியளவைக் குறைத்து, பேஸ் கிற்றாரையும் ட்றம்மையும் வேறு பிரித்து அறிய முடிகின்றதா, பாடகரின் சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்தது இருபது நிமிடங்களாவது அணிந்து பார்த்தால், காதிலும் தலையிலும் ஏற்படும் அழுத்தமும் புலப்படும்.

பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்நேரம் பாதியாகக் குறைகின்றது. 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணித்தியாலங்களாகவும், 100 டெசிபலில் ஏறத்தாழ 20 நிமிடங்களாகவும் சுருங்கிவிடுகின்றது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன; மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இசை கேட்டபின் காதில் இரைச்சல் தோன்றுமாயின் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

ஹெட்போன் பழுதடைந்தால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். காதுகளின் நிலை அவ்வாறானதன்று. ஒலியளவைக் கூட்டத் தூண்டாத ஹெட்போனைத் தெரிவு செய்பவரே, இன்று விரும்பும் இசையை முதுமையிலும் கேட்கும் வாய்ப்பைத் தேடிக்கொள்கின்றார்.