உடல் கிடைத்தால் போதுமா?

பந்து விளையாடிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் மைதானத்திலேயே விழுந்து இறக்கிறான். "ஹார்ட் அட்டாக்" என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. கிண்ணியாவிலும் சரி, மூதூரிலும் சரி, அடுத்தது திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் கெஞ்சல்: "வெட்டாமல் தாங்கோ ஐயா." தகனமோ நல்லடக்கமோ, அந்த அவசரம் விளங்குகிறது. ஆனால் தம்பி தங்கைகளைக் காப்பாற்றக்கூடிய தகவலும் உடலோடு போய்விடுகிறது.

பிரேத பரிசோதனையில் எடுத்த இதயத் தசையை மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நல்ல தசையில் குறுக்குவரியுள்ள கலங்கள் கிளைவிட்டு, முனையோடு முனை பொருந்தி, ஒழுங்காக ஓடும். பரம்பரை இதயத்தசைத் தடிப்பில் அதே கலங்கள் பருத்து, திசைகெட்டுப் பின்னிக்கிடக்கும்; இடையில் தழும்பு இழையம். 1958இல் லண்டனில் டொனால்ட் டீயர் விவரித்தது இந்த நோயைத்தான். வைரஸ் அழற்சியென்றால் தசைகளுக்கிடையே வெண்குருதிக் கலங்கள் திரண்டிருக்கும். உண்மையான மாரடைப்போ முதல் சில மணித்தியாலங்களில் சாதாரண நுணுக்குக்காட்டிக்குப் பெரும்பாலும் அகப்படாது.

தடிப்பு நோய்க்கான பரம்பரையலகு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவே சட்ட வைத்திய அதிகாரியிடம் அன்றைக்கே கேளுங்கள்: "இதய இழையம் பரிசோதனைக்கு எடுத்தீர்களா?" குடும்பத்தில் முன்பு மயங்கி விழுந்தவர், காரணம் தெரியாமல் இறந்தவர், நன்றாக நீந்தத் தெரிந்தும் கடலில் மூழ்கியவர் இருந்தால் விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். பிரேத பரிசோதனை இலக்கம், திகதி, பொலிஸ் நிலையம் மூன்றையும் எழுதி வையுங்கள். போமலினில் இட்ட இழையத்தின் முடிவு வர வாரக்கணக்காகும். மரணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் சட்ட வைத்திய அதிகாரியின் அலுவலகப் பக்கமே போவதில்லை. முடிவு வந்துவிட்டதென்று வீட்டுக்கு அறிவிக்கும் அக்கறை பல அலுவலகங்களுக்கும் இல்லை. கோப்பு தூசி பிடிக்கிறது. நீங்களே திரும்பிப் போங்கள். அறிக்கை நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்குள்ள பதிவாளர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

அந்தப் பிரதியோடு பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் இருதய கிளினிக்குக்குப் போய் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஒருமுறை சரியாக இருந்தால் போதாது. மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

"தசையில் ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வந்தாலும் விட்டுவிடாதீர்கள். இதயத்தின் மின்னோட்டக் கோளாறு நுணுக்குக்காட்டியில் தெரியாது. உயிரோடிருப்பவரின் ஈசிஜியில்தான் தெரியக்கூடும்.

ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கிய பிள்ளையை "வெயில்" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். விழுந்தவருக்கு மூச்சில்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள்.