மஞ்சள் கப்!

விருத்தாசலம் போய்விட்டு வெறும் கையோடு வீடு திரும்ப முடியுமா? விருத்தகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பேத்தி பால் குடிக்க ஒரு பீங்கான் கப் வாங்கினேன். எலுமிச்சம்பழ மஞ்சள்!

"ஏங்க, மஞ்சள் சாயத்துல ஈயம் கலப்பாங்களாமே, குழந்தைக்கு ஆகுமா?" என்றாள் மனைவி.

பகீரென்றது. பழைய மஞ்சள் சாயங்கள் சிலவற்றில் ஈயம் உண்டுதான். சரியாக வேகாத பாத்திரமென்றால், புளிப்பு பட்டதும் கசியும். குழந்தைகளின் மூளையைத்தான் பதம் பார்க்கும்.

அடுத்த தடவை கப்பும் கையுமாக, அங்கே சூளை வைத்திருக்கும் ஒரு பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

"நாங்க போடறது ஜிர்கான் மஞ்சள் சார். ஈயம் கிடையாது. 1,200 டிகிரி சூட்டுலயும் நிறம் மாறாது" என்றார்.

அந்த மஞ்சளைத் தருவது பிரேசியோடைமியம் என்ற உலோகம். (பல்செட் கட்டியவர்கள் உச்சரிக்க முயல வேண்டாம்!) பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். காற்று பட்டால் பச்சையாகப் பூத்து உதிரும். அதனால் எண்ணெயில் போட்டு வைப்பார்கள். ஜிர்கான் படிகத்துக்குள் துளியூண்டு நுழைந்துவிட்டாலோ, மஞ்சள்! படிகமே கவசமாக நிற்பதால் சூளை நெருப்பு அதை அசைப்பதில்லை.

'அரிய மண்' கோஷ்டியில் சேர்த்திருக்கிறார்களே தவிர, பூமியின் மேலோட்டில் வெள்ளியைவிட இது அதிகம். கூடப் பிறந்தவர்களிடமிருந்து பிரிப்பதுதான் பிராணாவஸ்தை. 1885-ல் ஆஸ்திரியாக்காரர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், அதுவரை ஒரே தனிமம் என்று நம்பப்பட்டதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று இது, மற்றது நியோடைமியம். இன்று அண்ணன் தம்பி மறுபடி ஒன்று சேர்ந்து காந்தமாகி, எலெக்ட்ரிக் வண்டி மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்ட்டிலும் அதே வெல்ஸ்பாக்கின் கைவண்ணம்தான். அதற்குத் தோரியம் வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், குமரிப் பக்கமிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல்! தோரியமும் பிரேசியோடைமியமும் அந்த மோனசைட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஜிர்கானும் அதே கடற்கரையில்தான்.

சரி, என் கப்? பெரியவர் விரலால் தடவினார்.

"மேடு தட்டுதே சார். கிளேஸுக்கு மேல தீட்டி, லேசா சுட்டிருக்காங்க. என்ன சாயம்னு பார்த்துச் சொல்ல முடியாது. பேனா போட்டு வச்சுக்குங்க."

பேத்தி எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறாள். கப்பில் இப்போது நாலு பேனா, எழுதாத ரீஃபில் இரண்டு.